துணிச்சீட்டில் வந்த கண்ணன்

உலகமயமாதல் என்றவுடன் நம் மனக்கண்ணில் எழும் சித்திரங்கள் பெரும்பாலும் 1991-க்குப் பிந்தையவை: நெடுஞ்சாலை விளம்பரப் பலகை, கண்ணாடி வேய்ந்த வணிக வளாகம், குளிர்பானப் புட்டி. அன்றாடப் படங்களின் வழியே உலகச் சந்தையை வாசிக்க முற்படுவோர் நூறாண்டு முன்னரே தொடங்க வேண்டும் எனக் கருதுகிறோம். மான்செஸ்டரிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளின் மேல் ஒட்டப்பட்டிருந்த வண்ணச் சீட்டுகளை விடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை.

காட்சிச் சமூகவியலுக்கு வித்திட்ட எழுத்துகளுள் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலர் ஹோவர்ட் பெக்கர் 1974-இல் புகைப்படத்தையும் சமூகவியலையும் இணைத்து எழுதிய கட்டுரை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு படத்தை இரண்டு நிமிடம் உற்றுப் பார்க்கவும், அதிலுள்ள ஒவ்வொன்றையும் மனத்துக்குள் பெயர் சொல்லிக் குறிக்கவும் அதில் அவர் பணிக்கிறார். இரண்டு நிமிடம் எத்தனை நீளமானது என்பது செய்து பார்த்தவர்க்கே விளங்கும்.

இப்பயிற்சியைத் துணிச்சீட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம். சீட்டில் குழந்தைக் கண்ணன் இருப்பான், வேறொன்றில் திருமகள், இன்னொன்றில் மகாராஜா ரஞ்சித் சிங். கல்லச்சின் அடர்ந்த வண்ணங்கள். மான்செஸ்டரில் செய்தது என்னும் வாசகம் பெரிய எழுத்துகளில். எழுத்தறியாதவரும் படத்தை வைத்துச் சரக்கை அடையாளம் கண்டனர். அந்நியத் துணிக்கு நம் தெய்வமே சாட்சி நின்றது. வணிகத் தந்திரம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. வாங்கியவரின் கண்ணும் இப்படத்தை ஆக்குவதில் பங்கு கொண்டிருக்கிறது.

இரண்டு நிமிடம் கழிந்தபின் இல்லாதவை தென்படத் தொடங்குகின்றன. லங்காஷயர் ஆலைகளில் அப்போது அரைநாள் பள்ளியும் அரைநாள் வேலையுமாகப் பிழைத்த சிறுவர் சிறுமியர் இருந்தனர். வேலைக்குச் சேரும் வயது 1901-இல் பன்னிரண்டாக உயர்த்தப்பட்ட பின்னும் அம்முறை தொடர்ந்தது. 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அதற்கு முடிவு கட்ட வழிசெய்தது. சீட்டில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. துணி பிறந்த ஆலையில் பஞ்சுத் தூசியில் வேறு குழந்தைகள். சந்தையிழந்த இந்திய நெசவாளருக்கும் சீட்டில் இடமில்லை. இறக்குமதித் துணிமீது வரி விதித்தபோது, லங்காஷயரின் நெருக்குதலால் அதற்கு ஈடாக இந்திய ஆலைத் துணிமீதும் 1896-இல் மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி சுமத்தப்பட்ட கதையை எந்தத் தெய்வத்தின் திருமுகம் சொல்லும்?

பின்னர் நம்மவர் ஆலைகளும் இதே வழியைக் கைக்கொண்டன. ஆமதாபாத் ஆலைச் சீட்டொன்றில் தேவியே துணியை நீட்டி, இந்தியப் பொருளை வாங்குமாறு வேண்டுகிறாள். கொள்கை எதிரானது, படமொழி ஒன்றே. நெய்தவர் இங்கும் இல்லை.

இன்று திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியனின் கழுத்து லேபிளை அதே இரண்டு நிமிடம் பார்க்கலாம். திசை மாறிவிட்டது, மான்செஸ்டர் பெருமிதத்தோடு பொறித்த ஊர்ப்பெயரின் இடத்தில் இப்போது அயல்நாட்டு நிறுவனத்தின் பெயர். செய்த நாடு இந்தியா என்பது அதன் கீழே பொடி எழுத்தில். ஊரின் பெயர் பெரும்பாலும் இருப்பதேயில்லை. தெய்வங்களும் விடைபெற்றுவிட்டன, எஞ்சியிருக்கும் படங்கள் ஒரு நீர்த்தொட்டி, ஒரு முக்கோணம், ஓர் இஸ்திரிப்பெட்டி. எப்படித் துவைக்க வேண்டும் என்று உடுத்துபவருக்கு அவை சொல்கின்றன.