சுத்திச் சுத்தி வர்ற ரயில் போரடிக்குதா? ஒரு சைடிங் போடுங்க!

மாடல் ரயில் வாங்கியதும் பலர் செய்கிற முதல் வேலை, ட்ராக்கை வட்டமா போட்டு ரயிலைச் சுத்தவிடுறதுதான். ரெண்டு நாள் ஜாலி. மூணாவது நாள் பெட்டி பரணுக்குப் போயிடும். அந்த ரயிலுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை, செய்ய ஒரு வேலையும் இல்லையே!

அந்த வேலையைக் கொடுப்பதுதான் சைடிங். மெயின் லைனிலிருந்து பிரிந்து, குடோன் வாசலில் போய் முடிகிற தண்டவாளம். சரக்கு ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான். ஜூஜுவாடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செக்போஸ்ட் பக்கம் லாரிகளையும், சிப்காட் கம்பெனி கேட்டில் ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளையும் தினமும் பார்க்கிறவங்க. அதையே தண்டவாளத்தில் யோசிச்சுக்கோங்க.

சரி, சின்ன வாடகை வீட்டில் இடம்? நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் நிஜ நீளம் 10.7 மீட்டர். ஹெச்.ஓ ஸ்கேலில் (87-ல் ஒரு பங்கு) அது 12.3 செ.மீ. 58 வேகன் கோத்த முழு ரயிலைச் செஞ்சா 7 மீட்டரைத் தாண்டிடும். ஹால் சுவரை உடைக்கணும், ஹவுஸ் ஓனர் விடமாட்டார். ‘என்’ ஸ்கேலில் (160-ல் ஒரு பங்கு) ஒரு வேகன் 6.7 செ.மீ-தான்.

இதுக்கு பிரிட்டனின் ஆலன் ரைட் ஒரு வழி சொல்லியிருக்கார்: ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’. மொத்தமே மூணு சைடிங், 8 வேகன். ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற ரெண்டில் தலா 3. இன்ஜின் முன்னே பின்னே போய்வரும் லைனில், இன்ஜினோடு 3 வேகனுக்குத்தான் இடம். 8 வேகனுக்கும் சீட்டு எழுதிக் குலுக்கி, 5 எடுங்க. சீட்டு வந்த அதே வரிசையில் அந்த 5 வேகனை நீள சைடிங்கில் சேர்க்கணும். அவ்ளோதான் ஆட்டம். ஆனா, வரக்கூடிய வரிசைகள் 6,720! ‘என்’ ஸ்கேலில் சுமார் ஒரு மீட்டர் பலகை இருந்தா போதும்.

ஓசூர் டச் வேணுமா? பைக், கார் ஏற்றும் என்.எம்.ஜி வண்டியைச் சேருங்க. பழைய பயணிகள் பெட்டியின் ஜன்னல்களை அடைத்து உருவாக்குவது. வண்டிகள் உள்ளே போவது பெட்டியின் கடைசிப் பக்கக் கதவு வழியாக. அதனால் சைடிங் முடிகிற இடத்தில் சாய்தளம் வேணும். நீளம் 21 மீட்டருக்கு மேல், ரெண்டு பாக்ஸ்-என் இடத்தைப் பிடிச்சுக்கும். மூட்டைச் சரக்கு என்றால் மூடிய பி.சி.என் வேகன், பக்கவாட்டில் பிளாட்பாரம், அதுக்கு அந்தப் பக்கம் லாரி நிற்க இடம்.

குடோனை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேகனைக் கையால் தள்ளிப் பாருங்க. எங்கேயும் உரசக் கூடாது, கதவு பிளாட்பாரத்துக்கு நேரா வரணும். ஃபெவிக்கால் அப்புறம்.