நான்கு நிமிட மைல்

1954ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் காலை. இலண்டன் மாநகரின் பாடிங்டன் பகுதியிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில், மருத்துவ மாணவர் ஒருவர் சாணைக்கல்லருகே நின்று தம் ஓட்டக் காலணியின் ஆணிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டிய ஆணிகளின்மீது பென்சிலில் இருக்கும் காரீயத்தின் தூளையும் தடவினார். அந்நாளில் ஓடுதளங்களில் கரிச்சாம்பலைப் பரப்பியிருப்பார்கள். அச்சாம்பல் ஆணிகளில் அப்பிக்கொண்டு காலுக்குப் பாரமாகிவிடக் கூடாதல்லவா? அந்த மாணவரே ரோஜர் பானிஸ்டர். வயது 25.

ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓடிக் கடப்பது மனிதனால் இயலுமா என்ற கேள்வி அப்போது உலகெங்கும் எழுந்திருந்தது. 1945இல் சுவீடன் நாட்டின் குண்டர் ஹேக் என்பார் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடியிருந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் எவராலும் அதை வெல்ல இயலவில்லை. ஆஸ்திரேலியாவில் ஜான் லாண்டி என்ற இளைஞர், 4 நிமிடம் 2 விநாடி என்னும் எல்லைவரை பன்முறை வந்து, அங்கேயே தடுக்கப்பட்டு நின்றார். எஞ்சியது சுமார் இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிக்குத்தான் எத்தனை பாடு!

பானிஸ்டருக்கும் ஒரு பெருந்தோல்வி உண்டு. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் 1500 மீட்டர் ஓட்டத்தில் அவர் நான்காவதாகவே வந்தார். அரையிறுதிச் சுற்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அடுத்தடுத்த நாட்களில் ஓடவேண்டியதாக்கிவிட்டார்கள். அவரது குறைந்த அளவுப் பயிற்சி அதற்குத் தாங்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் செக் நாட்டு எமில் ஜாட்டோபெக் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் பெற்றார். ஜாட்டோபெக்கின் பயிற்சியோ கேட்டாரை மலைக்கச் செய்வது. 400 மீட்டர் ஓட்டத்தை ஒரே நாளில் பன்முறை, பற்பல முறை திரும்பத் திரும்ப ஓடுவார். பார்த்தவர்கள், மிகுதியாக ஓடுபவனே வெல்வான் என்று முடிவு கட்டினார்கள்.

ஆனால் இடைவிட்டு ஓடும் அம்முறையை அதற்கு முன்பே ஜெர்மனியில் ஆராய்ந்தவர்கள் வேறு ஒன்றைக் கண்டிருந்தனர். வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பெர்ட் ரைண்டெல் என்ற இதய மருத்துவரும் ஓட்டத்துக்கு இடையே விடும் ஓய்வைக் கடிகாரத்தால் மட்டும் அளக்கவில்லை. நாடித் துடிப்பால் அளந்தார்கள். ஓடி முடிக்கையில் நிமிடத்துக்கு 180 வரை ஏறும் நாடி, 120க்கு இறங்கிய பின்னரே அடுத்த ஓட்டம். இறங்கவில்லையெனில் அன்றைய வேகம் மிகை என்று பொருள். கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார்; அதை வெல்ல 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓய்வும் பயிற்சியின் ஒரு பாகமே என்பதை எனக்குத் தெரிந்தவரையில் இவ்வளவு துல்லியமாக முதலில் கையாண்டவர்கள் இவர்களே.

பானிஸ்டர் மருத்துவ மாணவர்; பொழுது கிடைப்பது நண்பகல் உணவு வேளையில் அரை மணி நேரமே. ஆகவே வீணாக ஓட அவருக்கு இடமில்லை. ஆக்ஸ்போர்டில் ஓடும் வார்ப்பட்டை இயந்திரத்தின்மீது தாமே ஓடி, மூச்சையும் களைப்பையும் ஆராய்ந்தவர் அவர். வேகத்தை ஏற்றி இறக்கி ஓடுவதைவிட ஒரே சீராக ஓடுவதே உடலின் ஆற்றலைச் சிக்கனப்படுத்தும் என்பது அவருக்குத் தெளிவு. நான்கு சுற்று, சுற்றுக்கு 60 விநாடி. கணக்கு எளிது.

1953 டிசம்பரில், நண்பர்களான கிறிஸ் பிரேஷர், கிறிஸ் சாட்டவே ஆகியோருடன் பயிற்சி தொடங்கிற்று. ஆஸ்திரியாவிலிருந்து வந்த பிரான்ஸ் ஸ்டாம்ஃபில் என்ற பயிற்சியாளர் வழிகாட்டினார். 440 கெஜம் ஓடுவது, இரண்டு நிமிடம் இளைப்பாறுவது, இவ்வாறு பத்துமுறை. தொடக்கத்தில் சுற்றுக்கு 66 விநாடி. வாரங்கள் செல்லச் செல்ல அது குறைந்து, ஏப்ரலில் 61 ஆயிற்று. அதற்குமேல் அசையவில்லை. எவ்வளவு முயன்றும் 60 கைகூடவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் என்ன செய்வர்? இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டுவர். நானே அவ்வாறு செய்தவன். பள்ளியில் பணியாற்றிய நாளில், பந்தயத்துக்கு முந்திய வாரம் முழுவதும் பையன்களைக் காலையும் மாலையும் ஓடவிட்டேன். பந்தய நாளன்று அவர்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னும் ஒரு சுற்று" என்று சொன்ன வாய் என்னுடையதே.

பானிஸ்டரும் பிரேஷரும் ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, ஸ்காட்லாந்து மலைகளுக்குப் பாறை ஏறச் சென்றுவிட்டார்கள்! சில நாட்கள் ஓடவே இல்லை. திரும்பி வந்து அதே பத்துச் சுற்றை ஓடினார்கள். சுற்றுக்கு 59 விநாடி! மாயம் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் உடல் சேர்த்துவைத்த வலிமை களைப்பின்கீழ் மறைந்து கிடந்தது; களைப்பு நீங்கவே அது வெளிப்பட்டது. உடல் வலுப்பெறுவது உழைக்கும் பொழுதில் அன்று, அதை அடுத்து வரும் ஓய்வில்தான் என்பது இன்று உடலியல் பயில்வோர் அனைவரும் ஒப்பும் செய்தி.

மே 6ஆம் நாள் மாலை ஆக்ஸ்போர்டு இப்ஃளி சாலைத் திடலில் காற்று கடுமையாக வீசிற்று. ஓடலாமா, வேண்டாமா என்று கடைசிவரை தயங்கினார் பானிஸ்டர். தேவாலயக் கோபுரத்துக் கொடி சற்றே தொய்ந்தபோது துணிந்தார். பிரேஷர் முன்னே சென்று வேகத்தை நிலைநிறுத்தினார். வலிமை ததும்பிய பானிஸ்டர், இன்னும் விரைவாக ஓடும்படி அவரைப் பார்த்துக் கூவினார். பிரேஷர் செவிசாய்க்கவில்லை, தம் கணக்குப்படியே ஓடினார். முதற்சுற்று 57.5 விநாடி. அன்று அவர் இணங்கியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்பேன். அரை மைல் 1 நிமிடம் 58. பின்னர்ச் சாட்டவே முன்வந்தார். கடைசிச் சுற்றின் நடுவே பானிஸ்டர் அவரைக் கடந்து, கயிற்றைத் தொட்டுச் சாய்ந்தார். அறிவிப்பாளர் "மூன்று" என்று தொடங்கியதுமே எழுந்த ஆரவாரத்தில் எஞ்சிய எண் எவர் காதிலும் விழவில்லை. 3 நிமிடம் 59.4 விநாடி.

நாற்பத்தாறு நாட்களில், ஜூன் 21இல், லாண்டி பின்லாந்தில் அதையும் வென்றார். ஆகஸ்டில் வான்கூவரில் இருவரும் நேருக்கு நேர் ஓடினர். முன்னே சென்ற லாண்டி இடப்புறம் திரும்பிப் பார்த்த கணத்தில், பானிஸ்டர் வலப்புறமாகக் கடந்து சென்றார். இருவருமே நான்கு நிமிடத்துக்குள் முடித்தனர். அவ்வாண்டு இறுதிக்குள் பானிஸ்டர் பந்தய ஓட்டத்தை விட்டு மருத்துவத்துக்கே திரும்பினார். 2018இல் மறைந்த அவர், மைல் ஓட்டத்தைவிட நரம்பியல் மருத்துவத்தில் தாம் செய்த பணியையே பெரிதாக மதித்தார்.