குடிபோதையில் ஓடிய வண்டியும் பரிகாரம் தேடும் குடும்பமும்

2006-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி விடியற்காலையில், பம்பாய் நகரின் கார்ட்டர் சாலை நடைபாதையில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறிற்று. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். காரை ஓட்டிவந்த இளைஞரின் இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் மதுசாரம் இருந்ததாக இரசாயனப் பரிசோதனை தெரிவித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பொறுத்துக்கொள்ளும் எல்லையோ 30 மில்லிகிராம். அஜாக்கிரதையால் விளைந்த மரணம் என்று கொண்டு விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறைவாசம் விதிக்க, மரணம் விளையக்கூடும் என்ற அறிவோடு செய்த காரியம் என்று கொண்டு உயர் நீதிமன்றம் அதனை மூன்றாண்டாக உயர்த்த, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. பெரைரா வழக்கு என்று சட்டம் பயில்வோர் அறிந்திருக்கும் இவ்வழக்கின் தீர்ப்பை ஊன்றிப் படிப்பவர், ஓட்டியவரின் உள்ளத்தில் அந்த நாழிகையில் இருந்த அறிவு எத்தகையது என்ற வினா எத்துணை நுட்பமாக அலசப்பட்டிருக்கிறது என்பதைக் கண்டு வியப்பார். மாண்ட எழுவரின் வீடுகளில் அடுத்த மாதம் அடுப்பு எரிந்த விதம் என்ன என்பதை அதிலிருந்து அறியமாட்டார். நீதிபதிகளின் மீது இதனால் குறை ஏதும் சொல்வதற்கில்லை. குற்றவியல் வழக்கு என்பது இராஜ்யத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடப்பது; பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதில் சாட்சிக் கூண்டைத் தவிர வேறோர் ஆசனம் நெடுங்காலமாக இருந்ததில்லை.

1999 ஜனவரியில் டில்லி லோதி சாலையில் போலீசார் மூவர் உள்பட அறுவரைப் பலிகொண்ட சஞ்சீவ் நந்தா வழக்கும் பதின்மூன்று ஆண்டுகள் நடந்து, 2012 ஆகஸ்டில் முடிந்தது. அனுபவித்த சிறைவாசமே போதும் என்று கருதிய உச்ச நீதிமன்றம், இரண்டாண்டுச் சமூகப் பணியையும், மத்திய சர்க்காருக்கு 50 லட்சம் ரூபாய் செலுத்துவதையும் அதனோடு சேர்த்தது. மோதிய வண்டி இன்னதென்றே அகப்படாமல் போன விபத்துகளில் சிக்கியவர்களுக்கு அத்தொகை பயன்பட வேண்டும் என்றது ஆணை. எங்கோ கிடக்கும் முகமறியாத குடும்பங்களை ஒரு தண்டனைத் தீர்ப்பு நினைத்துப் பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. ஆயினும் தண்டனையின் வாலாகத்தான் அந்த நினைவு வந்தது. குடிபோதை ஓட்டத்தைப் பற்றி நம் நாட்டில் நடந்துவரும் விவாதம் முழுவதும் தண்டனையின் அளவைச் சுற்றியே நடந்து வருகிறது என்பதும், தண்டனை கடுமையாவதே பாதிக்கப்பட்டோருக்குச் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது என்பதும், அவ்வெண்ணம் பிழையானது என்பதும் இக்கட்டுரையின் வாதம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை, அஜாக்கிரதை மரணத்துக்குரிய உச்சத் தண்டனையை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது. வேண்டியதே. ஆனால் அந்த மூன்றாண்டு உயர்வினால் விதவை ஒருத்திக்குத் தாலுகா ஆபீஸில் ஒரு நடை குறைந்ததா என்று கேட்டால், இல்லை என்பதைத் தவிர வேறு விடை கூற இயலவில்லை.

முதலில், போதை என்ற உண்மை எவ்வாறு பதிவாகிறது, எவ்வாறு பதிவாகாமல் நழுவுகிறது என்பதைக் காண்போம். மதுசாரம் இரத்தத்தில் நிலைத்து நிற்கும் பொருள் அன்று. மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் ஈரல் அதனை அழித்துக்கொண்டே இருக்கிறது. மோதிய வேளையில் அறுபது மில்லிகிராம் இருந்தவர், இரண்டு மணி நேரம் கழித்துச் சோதிக்கப்பட்டால், சட்டத்தின் எல்லைக்கோட்டின்மேல் நிற்பார். மூன்று மணி நேரம் கழிந்தால் நிரபராதியாகத் தோன்றுவார். போதைக் குற்றத்துக்காக வாரண்டு இன்றிக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு விதித்திருப்பதற்குப் பொருள் இதில் இருக்கிறது. நடைமுறையிலோ, இரவு பதினொரு மணிக்குப் புறவழிச்சாலையில் மோதல் நேர்ந்தால், காயம்பட்டவரை ஏற்றி அனுப்புவது, போக்குவரத்தைச் சரிசெய்வது, எந்த ஸ்டேஷன் எல்லை என்று தீர்மானிப்பது ஆகியவற்றிலேயே அந்த இரண்டு மணி நேரம் கரைந்து போகக்கூடும். பணிநேர டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ‘மூச்சில் மதுவாடை’ என்று ஒரு வரி எழுதுகிறார். இரத்தம் எடுக்கப்படாவிட்டால் அந்த ஒரு வரிதான் மிஞ்சும். வாடை மட்டும் அளவைக் காட்டாது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடும்போது அந்த வரியும் உதிர்ந்துவிடும். இவையெல்லாம் நடக்கும் வேளையில் குடும்பத்தார் பிணவறை வாசலில் நிற்கிறார்கள். இரத்தம் எடுத்தார்களா என்று கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகக் கேட்பதற்கென்று நியமிக்கப்பட்டவர் ஒருவரும் அங்கே இல்லை.

இனி இரண்டாவதும், என் அபிப்பிராயத்தில் மிகவும் விசித்திரமானதுமான ஒரு நிலைமைக்கு வருவோம். ஓட்டியவர் குடித்திருந்தார் என்பது குற்றவியல் நீதிமன்றத்தில் குடும்பத்துக்குச் சாதகமான சங்கதி. அதே சங்கதி, அதே கட்டடத்தின் மாடியில் இருக்கக்கூடிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கையில் கேடயமாக மாறுகிறது. காப்பீட்டாளர் எந்தெந்தக் காரணம் காட்டித் தம் பொறுப்பை மறுக்கலாம் என்ற பட்டியலில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பிறந்த நாள் தொட்டு முப்பது ஆண்டுகளாகப் போதை இடம்பெற்றிருக்கவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 150-ஆம் பிரிவில் அதனைச் சேர்த்துவிட்டது. ஆகவே, கணவனைப் பறிகொடுத்தவள் கீழே ஒரு கூண்டில் ஏறிக் குடித்திருந்தான் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே மற்றொரு கூண்டில் அதைப்பற்றி வாய் திறவாதிருக்க வேண்டும் என்று அவளுடைய வழக்கறிஞரே ஜாக்கிரதை கருதிச் சொல்லும்படி ஆகிறது. குற்றத்தின் கொடுமை ஏற ஏறப் பரிகாரத்தின் உறுதி இறங்கும்படி அமைந்த ஏற்பாட்டை எந்த நீதி சாஸ்திரத்தைக் கொண்டு ஆதரிப்பது?

நீதிமன்றங்கள் இந்த முடிச்சை ஒருவாறு தளர்த்தியே வந்திருக்கின்றன. பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும், மூன்றாம் தரப்பினருக்கு முதலில் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற நெறியை 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது. ஓட்டுநர் உரிமம் பற்றி எழுந்த அந்நெறியைப் போதைக்கும் பொருத்திக் கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இது நீதிபதிகளின் தயையால் நிற்கும் நெறி. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு வழக்கிலும் மீண்டும் வேண்டிப் பெற வேண்டிய நெறி. கம்பெனி மேல்முறையீடு செய்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் நெறி. குடிபோதை மரணங்களில் முதலில் கொடுத்துப் பின்னர் வசூலித்தல் காப்பீட்டாளரின் கடமை என்று சட்டத்திலேயே ஒரு வாக்கியம் எழுதினால் இத்தனை வழக்குகளுக்கும் அவசியம் இல்லை.

பணத்தின் அளவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. வயதுக்கேற்ற பெருக்கெண்ணை 2009-இல் சரளா வர்மா வழக்கும், துணையை இழந்ததற்கு 40,000, ஈமக் கடனுக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000 என்ற வழக்கமான தலைப்புகளை 2017-இல் பிரணய் சேத்தி வழக்கும் ஒழுங்குபடுத்தின. வீட்டுவேலை செய்யும் மனைவியின் உழைப்புக்கும் வருமான மதிப்புண்டு என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கு வலியுறுத்திற்று. கணக்கு முறை தேறிவிட்டது. அந்தக் கணக்கு போடப்படும் மேஜை வரையில் குடும்பம் சென்று சேர்வதுதான் பெரும்பாடு.

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் சேகரிக்க வேண்டிய காகிதங்களை எண்ணிப் பாருங்கள்: முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வி.ஏ.ஓ. விசாரித்துத் தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், சம்பளத்துக்கு அத்தாட்சி, மோதிய வண்டியின் பாலிசி விவரம். கொத்தனாருக்கும் தேங்காய் பறிப்பவருக்கும் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? இவற்றை வாங்கித் தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒருவர் வந்து நிற்பார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வக்காலத்தில் கையெழுத்தும் ஆகிவிடும். எவ்வளவு சதவிகிதம் அவருக்கு என்பது பின்னால்தான் தெரியும். எம்.சி.ஓ.பி. என்னும் இழப்பீட்டு மனு போட்டாயிற்று என்பதைத் தவிர வழக்கைப் பற்றி வேறொன்றும் அறியாமல் வருஷக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மனுத்தாக்கலுக்கு ஆறு மாதக் கெடு என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 166-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, துக்கத்துக்குக் கடிகாரம் வைத்தது போலாயிற்று. அக்கெடுவின் செல்லுபடியே உச்ச நீதிமன்றத்தில் வழக்காகியிருக்கிறது.

இந்த அலைச்சலைச் சட்டம் அறியாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட நடைமுறையின்படி, போலீஸ் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் இன்னவை என்று விளக்கும் ஒரு படிவத்தைப் பத்து நாட்களுக்குள் குடும்பத்தின் கையில் சேர்க்கவும் வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் கோகர் முகம்மது வழக்கில் இவற்றை நிறைவேற்றத் தனிப் பிரிவுகள் அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விதி செம்மையானது. ஆயின் பத்தாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் நீட்டும் அச்சுக் காகிதத்தை, கண்ணீர் வற்றாத கிழவி ஒருத்தி வாங்கி ரேஷன் கார்டோடு பெட்டியில் வைத்துவிட்டால், உரிமை அறிவிக்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லுமே தவிர, அறியப்பட்டதாக ஆகாது. காகிதத்தை வாசித்துக் காட்டவும், அடுத்த வாரம் மீண்டும் வரவும், தீர்ப்பாயத்தில் உடன் உட்காரவும் ஒரு மனிதர் வேண்டும். அவர் போலீசாராகவும் இருக்கலாகாது, பங்கு கேட்கும் வக்கீலாகவும் இருக்கலாகாது.

இத்தகைய மனிதரை அமெரிக்கா கண்டுபிடித்த வரலாறு சிந்திக்கத்தக்கது. 1980 மே மாதம் கலிபோர்னியாவில் பதின்மூன்று வயது மகளைக் குடிகாரர் ஒருவரின் காருக்குப் பறிகொடுத்த காண்டஸ் லைட்னர் என்னும் அம்மையார், அவ்வாண்டிலேயே ‘மாட்’ என்ற தாய்மார் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது, குடிக்கத்தக்க வயதை நாடெங்கும் இருபத்தொன்றாக்க 1984-இல் இயற்றப்பட்ட சட்டம். பத்திரிகைகள் கொண்டாடியதும் அதனையே. அதைவிட ஆழமான காரியம் என்று நான் கருதுவது, நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் குடும்பத்தோடு கூடச்செல்லப் பயிற்றப்பட்ட துணைவர்களை அது ஏற்படுத்தியதே. 1984-இல் பிறந்த குற்றப் பலியாளர் சட்டத்தின் கீழ் மாகாணங்கள் நடத்திய இழப்பீட்டுத் திட்டங்கள் சில, இதெல்லாம் வெறும் விபத்து என்று குடிபோதை ஓட்டத்தால் பாதிக்கப்பட்டோரை ஒதுக்கி வைத்திருந்தன. 1988-இன் திருத்தம் அவ்வாறு ஒதுக்கலாகாது என்று விதித்தது. அச்சட்டம் ஏற்படுத்திய நிதியில் சேருவது வரிப்பணம் அன்று, பெரும்பாலும் குற்றவாளிகள் செலுத்தும் அபராதம் என்பதும் கவனிக்கத்தக்கது.

நம்மிடத்தில் இவ்வறிவு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பாதிக்கப்பட்டோரைப் பற்றிய சாஸ்திரத்துக்கென இந்தியக் கழகம் ஒன்று 1992-இல் தோன்றியபோது, அதன் முன்னின்றவர் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையின் பேராசிரியர் சொக்கலிங்கம். நிறுவனமும் உண்டு: மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், அதன்கீழ்ச் சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசமாக அளிக்கிறது. அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளிலேயே ஒரு மேஜை போட்டு, பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒருவரை உட்கார்த்தி வைத்தால், இரத்தம் எடுத்தார்களா என்று கேட்கவும், வராந்தாவில் நிற்கும் தரகரிடமிருந்து குடும்பத்தைத் தப்புவிக்கவும் வழி பிறக்கும். புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

சாலையில் மடிந்தவர் எல்லாரும் சமம், குடிபோதைக்கு மட்டும் தனிச் சலுகை ஏன் என்ற ஆட்சேபம் நியாயமானது. உதவி எல்லாருக்கும் கிடைப்பதே உத்தமம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குடிபோதை மரணத்தில் சர்க்காருக்குள்ள சம்பந்தம் மற்ற விபத்துகளில் உள்ளது போன்றதன்று. 2003-இன் இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் என்னும் அரசாங்கக் கம்பெனியின் கையில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த வழக்கு, தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய வழக்கே. சிற்றூர்களுக்கு அத்தூரம் மறு ஆண்டு 220 மீட்டராகச் சுருங்கியது. விற்கிறவரே ஆள்கிறவராக இருக்கையில், விற்றுமுதலில் ஒரு சிறு கூறு அந்த மேஜைக்குச் செல்ல வேண்டும் என்று கேட்பதைப் பிச்சை என்று எவரும் கருதமாட்டார்.

கடைசியாக, பேசுவோர் குறைந்த ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. குடித்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிச்சென்று பாலச் சுவரில் மோதி மாண்டவனின் வீட்டுக்கு யார் போவார்? வண்டிச் சொந்தக்காரருக்கென்று 2018 முதல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்ட தனிநபர் விபத்துக் காப்பீட்டில், போதையில் நேர்ந்த மரணத்துக்குப் பணம் இல்லை என்ற ஷரத்து இருக்கிறது. தவறு தன்னுடையதாக இருப்பதால் தீர்ப்பாயத்திலும் இடமில்லை. குடித்துச் செத்தான் என்ற சொல்லால் உறவினரும் ஒதுங்குவர். ஷரத்தை நீக்கச் சொல்லவில்லை; நீக்கினால் அது வேறு அநீதிக்கு வழிவகுக்கும். ஆயினும் அவன் மனைவிக்கு ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தருவதும், பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பள்ளித் தலைமையாசிரியரோடு பேசுவதும், மோதலில் வேறொருவரும் மாண்டிருந்தால் அவர் குடும்பம் தொடுக்கும் வழக்கில் இந்த வீட்டின் மீது ‘முதலில் கொடுத்துப் பின்னர் வசூலித்த’ கம்பெனியின் நோட்டீஸ் வந்து நிற்கும் நாளில் அதன் பொருளை விளக்கித் தவணை கேட்டுத் தருவதும் ஆகிய வேலைகள் உண்டு. நான் மேலே கேட்ட மேஜையில் அமரும் தன்னார்வலரின் கடமைப் பட்டியலில், இவ்வேலைகளையும் முதல் நாளிலேயே எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.