கைமணமா? கணக்கா?

"அவள் கைக்கு அந்த மணம் உண்டு, இவள் கைக்கு அது வாய்க்கவில்லை" என்பார் உளர். பிறவியிலேயே வருமாம் கைமணம்! பிறப்பினால் அறிவு வரும் என்று சொல்லி ஏடுகளைப் பூட்டி வைத்தார்களே, அவர்தம் பேச்சின் எதிரொலியே இது. அன்று பள்ளி வாயிலிலே கேட்டோம். இன்று அடுக்களையிலே கேட்கிறோம். குழம்பு கெட்டால் குற்றம் குழம்பிலே இல்லை, அவள் பிறவியிலே என்றாகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே 1857-இல் பிறந்தார் ஃபேனி ஃபார்மர். பதினாறாம் வயதிலே பக்கவாதம் தாக்கிற்று, படிப்பு நின்றது. நடக்க முடிந்தபின் பெற்றோர் இல்லத்திலே சமைக்கத் தொடங்கினார். முப்பது வயதளவிலேதான், 1879-இல் தோன்றிய பாஸ்டன் சமையற் பள்ளியில் மாணவியானார். 1889-இல் தேறினார், அங்கேயே ஆசிரியராகிப் பின்னர்த் தலைமையும் ஏற்றார்.

அந்நாளைய சமையல் நூல்கள் முட்டையளவு வெண்ணெய் என்றன. ஒரு கோப்பை மாவு என்றன. எவர் வீட்டுக் கோப்பை? எந்தக் கோழியின் முட்டை? தாயின் அருகே நின்று கண்டவளுக்கு மட்டுமே அது விளங்கும். நம் கண்ணளவும் கையளவும் வேறென்ன?

1896-இல் ஃபார்மர் வெளியிட்ட நூல் இதற்கு முடிவு கட்டியது. கோப்பை என்றால் அரைப் பைண்ட் கொள்ளும் அளவுக் கோப்பை. கரண்டியிலே குவிந்ததைக் கத்தியால் வழித்துச் சமன் செய்ய வேண்டும். அரைக் கரண்டி வேண்டுமெனில் நீளவாக்கில் கத்தியால் பிரிக்க வேண்டும். மூன்று தேக்கரண்டி ஒரு மேசைக்கரண்டி; பதினாறு மேசைக்கரண்டி ஒரு கோப்பை. பழக்கத்தால் கண்ணளவு கைவந்தவர் சிலர் உண்டென்பதை அவர் மறுத்தாரில்லை. பெரும்பாலோர்க்குத் திட்டமான வழி வேண்டுமென்றார்.

எளிய செய்தியா இது? அன்று! அளவு நிலைத்துவிட்டால் தவறு எங்கே என்று தேடலாம். உப்பு நேற்றைய அளவே, நீரும் அதுவே. எனில் பிழை தீயிலா, நேரத்திலா? ஒன்றை மட்டும் மாற்றி மறுநாள் சமைத்துப் பார்க்கலாம். தன் திறனைத் தானே எடை போடலாம். மாமியார் நாவுக்கோ கணவன் முகச்சுளிப்புக்கோ காத்திருக்க வேண்டா.

வெளியீட்டாளர் நூலை நம்பவில்லை. செலவை ஃபார்மரே ஏற்க, 3,000 படிகள் அச்சாயின. நூலோ பதிப்பின்மேற் பதிப்புக் கண்டது!

1902-இல் தம் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். இல்லத்து மகளிரையும் செவிலியரையும் பயிற்றுவதே அதன் நோக்கம். இல்லத்து ஆடவர்க்கும் அது வேண்டுமென அக்காலம் எண்ணவில்லை; நாம் எண்ணுகிறோம். கோப்பையும் கரண்டியும் ஆடவன் கைக்கு மட்டும் கனக்குமா? நோயாளர் உணவு பற்றி ஆர்வார்டு மருத்துவக் கல்லூரியிலும் அவர் பாடம் சொன்னார். இறுதி ஆண்டுகளில் கால்கள் மீண்டும் ஓய்ந்தன. 1915-இல் மறையும்வரை, சக்கர நாற்காலியில் அமர்ந்தே கற்பித்தார்.