கதவிடுக்கில் ஒரு விரல்

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை. அக்கா பொண்ணு (நாலு வயசு) பாத்ரூம் கதவிடுக்கில் விரலை விட்டுவிட்டாள். யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். நடுவிரல் நுனி நகத்தோடு பிய்ந்துவிட்டது.

அக்காவின் மாமியார் காபிப்பொடி டப்பாவோடு ஓடி வந்தார். நல்லவேளை, அக்கா தடுத்துவிட்டாள். குழாய்த் தண்ணியில் கழுவி, சுத்தமான துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பிய்ந்த துணுக்கை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப்போனோம். (நேரா ஐஸில் போட்டால் திசு செத்துப்போகும்.)

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். துணுக்கு நசுங்கிப்போனதால் ஒட்டாதாம். "எலும்பு வெளிய தெரியல. சுத்தம் பண்ணி கட்டு போட்டு விடறேன். வளர்ந்துடும்" என்றார்.

அத்தானுக்கு வந்ததே கோபம். "வளர்றதுக்கு இதென்ன பல்லி வாலா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ராத்திரி தூக்கம் வராமல், பொட்டி தட்டுறவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். தேடினேன்.

ரொம்ப நாளாக விரல்நுனி போனால் அறுவை சிகிச்சைதான். எலும்பைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித் தோலை இழுத்துத் தைப்பார்கள். இல்லையென்றால் வேறு இடத்துத் தோலை ஒட்டுவார்கள். 1947-ல் குட்லர், விரலின் இரு பக்கத் தோலையும் 'வி' வடிவில் கீறி முன்னால் நகர்த்தித் தைத்தார். 1970-ல் அட்டாசோய் அதையே விரலின் உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் செய்தார். எல்லாம் கெட்டிக்காரத்தனமான முறைகள்தான்.

இதற்கு நடுவில் 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிக்குட்டிகளின் முதுகில் சின்னச்சின்ன காயம் செய்து, சிலதை பாலித்தீன் தாளால் மூடி, மீதியைக் காயவிட்டார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. "காத்து படட்டும், சீக்கிரம் ஆறும்" என்று நம்ம வீடுகளில் சொல்வது அங்கேயே அடிபட்டுப்போச்சு.

1972-ல் டக்ளஸ் என்பவர், குழந்தைகளின் துண்டான விரல்நுனியைத் தைக்காமல் ஆறவிடலாம் என்று ஆஸ்திரேலியக் குழந்தைநல இதழ் ஒன்றில் எழுதினார். 1974-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த சிந்தியா இல்லிங்வொர்த் எழுதிய கட்டுரைதான் இன்றுவரை பேசப்படுகிறது. கதவில் மாட்டி நசுங்கின விரல்கள், நுனி போன விரல்கள். அந்தம்மா செய்தது சுத்தம் செய்து கட்டுப்போட்டது மட்டும். சில மாதங்களில் சதை உருண்டு, நகம் முளைத்து, பழைய வடிவம் கிட்டத்தட்ட திரும்பிவிட்டது. ஏன் வளருது என்று அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாவிட்டாலும் கண்ணால் பார்த்ததை நம்பி கத்தியைக் கீழே வைத்தார் பாருங்கள், அதற்குத் தனி தைரியம் வேணும்.

1982-ல் போர்கன்ஸ், எலிகளின் முன்னங்கால் விரல்நுனியும் வளர்வதைக் காட்டினார். 2013-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மயூமி இட்டோ குழு எலிகளில் காரணத்தையும் கண்டுபிடித்தது. நகத்தின் வேர்ப்பக்கத்தில் இருக்கும் தண்டு செல்கள்தான் வளர்ச்சிக்கு சிக்னல் கொடுக்கின்றன. வேர் தப்பினால் நுனி வரும், அதுக்குக் கீழே வெட்டுப்பட்டால் வராது.

நடுவில் 2008-ல் ஒரு கூத்து. பன்றியின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த பொடியைத் தூவி ஒரு அமெரிக்கருக்கு விரல் வளர்ந்ததாக உலகமெல்லாம் செய்தி. அந்த மாதிரி காயம் பொடி இல்லாமலேயே ஆறும் என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள் :-)

நம்ம வீட்டுக்கு வருவோம். ஒரு வாரத்தில் கட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்றம். சீழ் பிடிச்சிருச்சு என்று மாமியார் ஆரம்பிக்க, திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். டாக்டர் பிரித்துப் பார்த்து, இந்தக் கட்டில் இது சகஜம், சீழ் இல்லை என்று மறுபடி மூடிவிட்டார். அத்தான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூணு மாசத்தில் விரல் உருண்டையாக வந்துவிட்டது. நகம் மட்டும் லேசாக வளைந்திருக்கிறது. இப்போதெல்லாம் கதவுப் பக்கம் நான் போனாலே கத்துகிறாள். "மாமா, இரு, நான் கையை எடுத்துக்கறேன்!"