பழைய துப்பாக்கி உறைகளும் ஆவாரம்பட்டைத் தோலும்

கைத்துப்பாக்கியை இடுப்பு வாரில் மாட்டிச் செல்வதற்கான தோல்பை துப்பாக்கி உறை எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவில் படை அதிகாரிகளும் காவல் துறை அதிகாரிகளும் இதை அணிந்தனர். அக்காலத்து உறைகள் பல இன்று தையல் விட்டு, தோல் பொடிந்த நிலையில் உள்ளன. அவற்றைச் செப்பனிட முற்படுபவர் முதலில் அறிய வேண்டியது, அந்தத் தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதாகும்.

உறையின் தோற்றம்

1858-இல் வட இந்தியாவில் பிலிபித் அருகே நடந்த சண்டையில் சாம் பிரவுன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இடக்கையை இழந்தார். ஒரு கையால் வாளை உருவ வசதியாக, வலத் தோளின் மேல் குறுக்கு வார் செல்லும் இடுப்புக் கச்சையை அவர் அமைத்துக்கொண்டார். வாளையும் கைத்துப்பாக்கி உறையையும் அதில் மாட்ட முடிந்தது. இக்கச்சை பின்னர் பிரிட்டானியப் படைகளில் பரவியது. இந்தியக் காவல் துறை அதிகாரிகளின் உடையிலும் இடம்பெற்றது. 1887-இல் பிரிட்டானியப் படை வெப்லி சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் கிடைக்கும் பழைய உறைகளில் வெப்லிக்கு உரியவை பரவலாகக் காணப்படுகின்றன.

தோல் பதனிடப்பட்ட முறை

விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழை குறைந்த மானாவாரி நிலம். இத்தகைய நிலத்தில் தானாக முளைக்கும் செடி ஆவாரை. இதன் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பொருள் மிகுதி. தென்னிந்தியாவில் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் ஆவாரம்பட்டை ஊறிய நீரில் பதனிடப்பட்டு, இறுதியில் கடுக்காய் நீரில் தோய்க்கப்பட்டன. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, சென்னை முதலிய இடங்களின் தோல் கிடங்குகளிலிருந்து இவை கப்பலேறி இங்கிலாந்து சென்றன. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணி மேல்தோலுக்காக இவற்றை அரசே வாங்கியது. வட இந்தியாவில் ஆவாரைக்குப் பதிலாகக் கருவேலம்பட்டை பயன்பட்டது. படைக்குச் சேணமும் தோல்பொருள்களும் செய்த கான்பூர் அவ்வகைத் தோலின் மையமாக இருந்தது.

உள்ளூரில் தோலின் முதன்மைப் பயன் கிணற்றுப் பாசனம். கமலைக் கூனையின் அடியில் பொருத்தும் தோல்வாலைச் செம்மான்கள் தைத்தனர். நாள்முழுதும் நீரில் நனையும் தோல் விரைவில் அழுகியது. சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் ஆல்பிரட் சாட்டர்டன் 1903-இல் குரோமியப் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கியபோது, நீரில் அழுகாத கூனைத் தோல் உருவாக்குவதும் அவர் நோக்கங்களில் ஒன்று.

செந்தூள் சிதைவு

ஆவாரை, கருவேலம் இரண்டின் துவர்ப்பொருளும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. இவ்வினத்தால் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையை ஏற்று உள்ளுக்குள் அமிலமாகிறது. நாளடைவில் அதன் நார்கள் அறுந்து, தொட்டால் செந்தூளாக உதிர்கின்றன. 1901-இல் இலண்டனில் நூற்கட்டுத் தோல்களை ஆராய்ந்த கலைச் சங்கக் குழு, இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோல் நூற்கட்டுக்கு ஏற்றதன்று என்று கண்டது. உறைகளுக்குப் பயன்பட்ட தடித்த மாட்டுத்தோல் கூடுதல் காலம் தாங்கும். எனினும் அதற்கும் இதே சிதைவு நேர்வதுண்டு.

செந்தூள் உதிரும் உறைக்கு எண்ணெய் தடவுவது பரவலான பழக்கம். எண்ணெய் தோலைக் கறுப்பாக்கும், பிசுபிசுப்பாக்கும். அறுந்த நார்களை ஒட்டவைக்காது. காப்பாளர்கள் செல்லுலோசிலிருந்து பெறப்படும் பசையைச் சாராயத்தில் கரைத்து மெல்லப் பூசி, முதலில் நார்களை நிலைப்படுத்துகின்றனர்.

மறுதையல்

உறையில் பெரும்பாலும் முதலில் அறுவது நூல். அதைத் தைக்கும்போது புதிய துளை இடக்கூடாது. குத்தூசியால் பழைய துளைகளுக்கு இடையே குத்தினால், நலிந்த தோல் அஞ்சல்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். முனை மழுங்கிய இரண்டு ஊசிகளில் தேன்மெழுகு பூசிய ஆளிநூலைக் கோத்து, ஒரே துளை வழியே இருபுறமிருந்தும் செலுத்த வேண்டும். இது சேணத்தையல் எனப்படும். இதில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்து நிற்கும். தையல் இயந்திரத்தின் தையலோ ஓரிடத்தில் அறுந்தால் தொடர்ந்து பிரியத் தொடங்கும். நூலை இறுக்கி இழுப்பதும் தவறு. தோல் தாங்கும் அளவுக்கு நூலின் பிடி இருந்தால் போதும்.

பித்தளைக் குமிழ்களைச் சுற்றிக் காணும் பச்சைக் களிம்பு, தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டாவது. அதை மரக்குச்சியால் நீக்கலாம். செப்பனிட்ட உறைக்குள் துப்பாக்கியை வைத்துப் பாதுகாப்பதும் பொருந்தாது. தோல் ஈர்த்த ஈரமும் அமிலமும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். உருக்குலையாமலிருக்க அமிலமற்ற தாளை அடைத்து வைப்பது வழக்கம்.

செம்மான்களின் தையல்

தொழிற்சாலையில் செய்த உறைகளில் செய்தவர் முத்திரையும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. பின்னாளில் அதை ஊரில் பழுதுபார்த்தவரின் பெயர் எங்கும் இராது. தென் மாவட்டங்களில் தோல்தொழிலை அருந்ததியர் செய்தனர். கூனைவாலும் செருப்பும் அவர்கள் கையால் உருவாயின; அதே தொழிலைக் காரணம் காட்டி அவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டனர். மின்மோட்டார் வந்து கமலை மறைந்தபோது கூனைத்தோல் வேலையும் நின்றது. சாதி இழிவு சுமத்தப்பட்ட அத்தொழிலை விட்டு வேறு வேலைக்குச் செல்வதை அவர்களில் பலர் விடுதலையாகக் கருதினர். தமிழ்நாட்டில் 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் இடஒதுக்கீடு சட்டமானது.

ஆகவே, பழைய உறையொன்றில் முதல் தையலோடு பொருந்தாத தடித்த நூலோ, ஒட்டுத்தோலோ இருந்தால் அதைக் குறையெனப் பிரித்தெறியக் கூடாது. அது உறுதியாக இருக்குமாயின் அப்படியே விட்டு, படமெடுத்து, நூலின் வகை, தையல் எண்ணிக்கை, இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். உறையை அணிந்த அதிகாரியின் பெயர் ஆவணத்தில் கிடைக்கக்கூடும். அதைப் பயன்பாட்டில் வைத்திருந்த செம்மானுக்கு அந்தத் தையலே எஞ்சியுள்ள ஒரே பதிவு.