விருதுநகர், சிவகாசி வட்டார வீட்டுக் காப்பி முறைகள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்கள் வானம் பார்த்த கரிசல் பூமி. இங்கே காப்பிச் செடி வளர்வதில்லை. ஆயினும் காப்பிக்கொட்டை வணிகத்தில் விருதுநகருக்குத் தனி இடம் உண்டு. இவ்வட்டார வீடுகளில் கருப்பட்டிக் காப்பி, துணியில் வடித்த காப்பி, பில்டர் காப்பி, சுக்குக் காப்பி ஆகியவை வழக்கில் உள்ளன.

வணிகப் பின்னணி

விருதுபட்டி என்று வழங்கிய ஊர் 1923இல் விருதுநகர் எனப் பெயர் மாறியது. பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் ஆகியவற்றுடன் காப்பிக்கொட்டையும் இங்கு மொத்த விற்பனைப் பொருளாயிற்று. நாளிதழ்களில் வரும் விருதுநகர் சந்தை நிலவரத்தில் 'பிளாண்டேஷன் பி.பி., ஏ, சி', 'ரோபஸ்டா' எனக் காப்பியின் விலையும் தரவாரியாக இடம்பெறுவதுண்டு. பி.பி. என்பது ஒரு பழத்தில் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை. ஏ, சி என்பன கொட்டையின் அளவைக் குறிக்கும் தரங்கள்.

1940களிலிருந்து தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. வாரியம் நடத்திய ஏலத்தில்தான் வணிகர்கள் கொட்டையை வாங்கினர். 1990களில் இக்கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது.

காப்பியும் சமூகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை தமிழர் பலருக்குக் காலை உணவு பழைய சோறும் நீராகாரமுமே. பின்னர் காப்பி பரவியபோது, அது உடலுக்குக் கேடு, வீண் செலவு என்று கண்டித்தவர்களும் இருந்தனர். காப்பி ஓட்டல்கள் பெருகிய காலத்தில் சாதியும் அங்கே வந்து உட்கார்ந்தது. தனி இடம், தனிக் குவளை என்ற வழக்கங்கள் பல ஊர்களில் நிலவின. இவ்வேற்றுமையைச் சுயமரியாதை இயக்கம் எதிர்த்தது. செங்கல்பட்டில் 1929இல் நடந்த அவ்வியக்கத்தின் முதல் மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் (1893–1953). அவர் காப்பித் தோட்ட உரிமையாளரும் ஆவார். விருதுநகர்ப் பகுதியை அன்று உள்ளடக்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு எதிராக ஆணையிட்டார். ஓட்டல் வாசலில் இருந்த தடை வீட்டு அடுப்பங்கரையில் இல்லை. காப்பி எல்லார் வீட்டுப் பானமாக ஆனதன் பொருளை இங்கிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பு முறைகள்

கருப்பட்டிக் காப்பி: சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி உறைய வைப்பது கருப்பட்டி. அதைத் தட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மண் தங்காமல் வடிகட்டி, மீண்டும் கொதி வந்ததும் காப்பித்தூளைப் போட்டு உடனே இறக்கி மூடிவிடுவர். தூள் தெளிந்தபின் இறுத்துக் குடிப்பர். கருப்பட்டிப் பாகில் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடக்கூடும். ஆதலால் இது பெரும்பாலும் கடுங்காப்பியாகவே அமைகிறது. பால் வாங்க வசதியற்ற வீடுகளுக்கும் இதுவே ஏற்றதாயிற்று.

துணியில் வடித்தல்: கொதிநீரில் தூளைப் போட்டு, சில நிமிடம் மூடிவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிப்பது. தூளைப் போட்டபின் நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு மிகும்.

பில்டர்: பித்தளை அல்லது எவர்சில்வரால் ஆன இரட்டைப் பாத்திரம். துளையுள்ள மேல் அடுக்கில் தூளை இட்டு, குடை போன்ற தட்டால் லேசாக அழுத்தி, கொதிநீர் ஊற்றுவர். கால் மணி நேரத்துக்குள் டிகாக்ஷன் கீழே இறங்கும். தூள் மிக நைசாக இருந்தால் துளை அடைபடும். மிகக் கரகரப்பாக இருந்தால் நீர் விரைந்து இறங்கிச் சாரம் குறையும். சிக்கரி சேர்த்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கூடும். காப்பியின் மணம் குறையும்.

சுக்குக் காப்பி: பெயரில் காப்பி இருந்தாலும் இதில் காப்பித்தூள் கட்டாயமில்லை. சுக்கு, மல்லி, மிளகு ஆகியவற்றை இடித்துக் கருப்பட்டியுடன் கொதிக்க வைப்பது.

பட்டாசுத் தொழிலும் காப்பியும்

1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் அதைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வேரூன்றின. பட்டாசு ஆலைக்குள் நெருப்புக்கு இடமில்லை. அடுப்பு, தீக்குச்சி, பீடி எதுவும் உள்ளே போகக்கூடாது. பெண்கள் பெருமளவில் வேலைக்குச் செல்லும் இவ்வட்டாரத்தில், வெயில் ஏறுமுன் வேலை தொடங்குவதால், விடியுமுன் வீட்டில் போடும் காப்பியே அன்றைய முதல் ஆகாரம். ஊரெல்லாம் தீக்குச்சி கொடுக்கும் தொழிலாளி, தன் காப்பிக்கான நெருப்பை வீட்டிலேயே அணைத்துவிட்டு வர வேண்டியவராக இருக்கிறார்.

இன்றைய நிலை

உடனடிக் காப்பித்தூள் வந்தபின் துணியில் வடிக்கும் முறை அருகிவிட்டது. பனையேறுவோர் குறைந்ததால் நல்ல கருப்பட்டி விலை ஏறியது. சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பனை நின்றால்தான் கருப்பட்டிக் காப்பியும் நிற்கும்.